மாப்பிள்ளை தேசங்களின் பத்துப் பொருத்தம்

22 மார்ச் 2020, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்குத் தெருவே வாசலில் நின்று கை தட்டியது. எதிர்வீட்டு வாத்தியார் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து கரண்டியால் அடித்த அடியில் தட்டு நெளிந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி என்பதால் அளவாகத் தட்டினேன்.

இந்த நோட்டை இன்று தொடங்குவதற்குக் காரணம் கொரோனா இல்லை, சிவகாமியின் கல்யாணம். ஒரே மகள், இருபத்தெட்டு முடிந்துவிட்டது. தரகர் பிரமநாயகம் நான்கு வரன் கொண்டுவந்திருக்கிறார். நான்கும் வெளிநாடு: அமெரிக்கா, சிங்கப்பூர், ஸ்வீடன், நியூசிலாந்து. நான்கிலும் ஜாதகம் பொருந்துகிறது, படிப்பு பொருந்துகிறது, உயரம்கூடப் பொருந்துகிறது. எதை விடுவது என்று தெரியாமல் ஒரு மாதமாக முழித்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாக இந்த நோய் வந்தது.

பையன்களை எப்படி ஒப்பிடுவது? நாலு பேரும் போட்டோவில் கையைக் கட்டிக்கொண்டு கார் முன்னால் நிற்கிறார்கள். தேசங்களை ஒப்பிடலாம். முப்பத்திரண்டு வருடம் புள்ளியியல் துறையில் குப்பை கொட்டியவன் நான். பையனுக்கும் பெண்ணுக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல் தேசத்துக்கும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கணப் பொருத்தத்துக்கு, ஜனம் கூட்டம் கூடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வசியத்துக்கு, அரசாங்கம் சொன்னால் கேட்கிறதா என்று. ரஜ்ஜுதான் தாலி பலம். அதற்குச் சாவு எண்ணிக்கை. மீதியை நாளைக்கு யோசிக்க வேண்டும்.

26 மார்ச், வியாழன்

ஊரடங்கு. துவரம்பருப்பு வாங்க ஆள் அனுப்பச் சொன்னாள் ஆவுடை. இந்த வீட்டில் என் மனைவிக்கு ஆள் என்றால் நான்தான். கடை முன்னால் இடைவெளிக்கு வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்குள் நாலு பேர் நின்றோம், வட்டத்தை மீறக் கூடாது என்பதற்காக.

சிவகாமிக்கு விடுமுறை இல்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிக வேலை. ஊர் முழுக்க மூக்கில் விட்டு எடுக்கிற குச்சியெல்லாம் அவள் மேசைக்குத்தான் வருகிறது. பிரமநாயகத்திடம் "கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலைன்னு சொல்லும்" என்று சொல்லியிருக்கிறேன். முடிவைக் கம்ப்யூட்டரில்தானே ஏற்றுகிறாள்.

4 ஏப்ரல், சனி

அமெரிக்காவின் அம்மா பேசினாள். அந்த ஊரில் சண்டை பருப்புக்கு இல்லையாம், கழுவுவதற்குப் பதிலாகத் துடைக்கிறார்களே, அந்தக் காகிதத்துக்காம். "எங்க பையன் மூளைக்காரன் அண்ணாச்சி, முந்திக்கிட்டு நாப்பது கட்டு வாங்கி வச்சிட்டான்" என்று அவளுக்குத் தாங்க முடியாத பெருமை.

ஒரு சொம்புத் தண்ணீரில் முடிகிற காரியத்துக்குக் கடையை உடைக்கிற தேசம். வசியத்தில் பூஜ்யம் போட்டேன். ரஜ்ஜுவில் போட எண்ணே போதவில்லை. இரண்டு தலைமுறையாக நம் ஜாதியில் முதல் இடத்தில் இருந்த தேசம், ஒரே மாதத்தில் கடைசிக்கு வந்துவிட்டது.

21 ஏப்ரல், செவ்வாய்

சிங்கப்பூரைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். பிப்ரவரியில் உலகமே அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னது. இப்போது எண்ணிக்கை எகிறுகிறது. தினசரி அறிக்கையில் இரண்டு வரி போடுகிறார்கள்: ஊர்க்காரர்கள் ஒரு வரி, விடுதியில் இருக்கிற கூலித் தொழிலாளர்கள் இன்னொரு வரி. முதல் வரியில் பத்து, இருபது. இரண்டாவது வரியில் ஆயிரம். ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேராம். அதில் நம் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேரோ.

சிங்கப்பூரின் அப்பாவிடம் கேட்டேன். "அது வேற கணக்குல்லா! நம்ம பையன் இருக்கது நீச்சல் குளம் வச்ச பில்டிங்கு" என்றார். நியாயம்தான். நானும் இரண்டாவது வரியைச் சேர்க்காமல்தான் மதிப்பெண் போட்டேன். பெண் கொடுக்கிறவன் விடுதியை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆனாலும் என்னவோ உறுத்தியது. ஒரு மார்க் குறைத்துவிட்டேன்.

3 மே, ஞாயிறு

ஸ்வீடன் நேரடியாகவே பேசினான். அங்கே ஊரடங்கே இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே வீடியோவில் வந்தான். "எல்லார்க்கும் ஒரு தடவ வந்துட்டா சரியாயிரும் மாமா. அறிவியல்பூர்வமா போறாங்க."

"பெரியவங்களுக்கு வந்தா?"

"அவங்கல்லாம் தனியா ஹோம்லதானே இருக்காங்க. அங்கதான் கொஞ்சம் இறப்பு ஜாஸ்தி."

ஆவுடை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன் வைத்ததும், "இவன் நம்மளயும் அங்கதான் வைப்பான்" என்றாள். ஸ்வீடன் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. என் பத்துப் பொருத்தத்துக்கு வேலையே இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

4 மே, திங்கள்

கபசுரக் குடிநீர் மூன்று வேளை. கசப்பு நாக்கைவிட்டுப் போகவில்லை.

9 ஜூன், செவ்வாய்

நியூசிலாந்தில் ஒரு நோயாளிகூட இல்லை! பூஜ்யம்! கடைசி ஆளும் குணமாகிவிட்டார். நாட்டையே பூட்டினார்கள், ஜனம் சொன்னபடி கேட்டது, முடிந்தது. ஆட்டுக்கு இருக்கிற ஒழுக்கம் மனிதனுக்கும் வந்திருக்கிற தேசம். பத்துக்கு ஒன்பதரை. அரை மார்க் தூரத்துக்காகக் குறைத்தேன்.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. வெலிங்டன் மாப்பிள்ளைதான். பெற்றோர் இங்கே மகாராஜ நகரில்தான் இருக்கிறார்கள், புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். அப்பா மாணிக்கவாசகம், மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அந்த அம்மாளுக்கு இரண்டு வருடம் முன்னால் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

சிவகாமியிடம் அட்டவணையைக் காட்டினேன். இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தாள். முகக்கவசம் அழுத்தி அழுத்தி மூக்கின் மேல் புண்ணாகியிருந்தது.

"யப்பா, இதுல நம்ம நாட்டையே காணோமே?"

"போற எடத்தத்தான் பாக்கணும். இருக்க எடத்த எதுக்குப் பாக்கணும்?"

"இருக்க எடத்துலதான யப்பா நான் தெனம் முந்நூறு குச்சி பாக்கேன்."

எழுந்து கை கழுவப் போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

10 ஜூலை, வெள்ளி

சிவகாமிக்கு வந்துவிட்டது.

அவள் குச்சியை அவளோடு வேலை பார்க்கிற பெண்ணே பார்த்திருக்கிறாள். காய்ச்சல் இல்லை, உடம்பு வலிதான். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியை முகாமாக்கியிருக்கிறார்கள், அங்கே கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. சைரனை நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சினேன். "சத்தம் போட்டாத்தான் சார் வழி விடுவாங்க" என்றான். தெருவில் யார் இருக்கிறார்கள் வழி விட? ஜன்னலுக்கு ஜன்னல் தலைதான் இருந்தது.

வண்டி திரும்புகிறவரை நின்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை ஆவுடையிடம் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

11 ஜூலை, சனி

சுகாதார ஆய்வாளர் ஜெபராஜ் வந்தார். எங்கள் இருவர் மூக்கிலும் குச்சி விட்டார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக ஒரு நோட்டீஸ்: தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே நுழையாதீர். பதினான்கு நாள் யாரும் வரக் கூடாது, போகக் கூடாது.

அவர் தெருமுனை திரும்பியதும் நகைக்கடைக் காலண்டரைக் கொண்டுவந்து நோட்டீஸின் மேல் மாட்டினேன். காலண்டர் மாட்டுவது சட்டப்படி குற்றமில்லை. அதற்குப் பின்னால் சுவரில் என்ன இருக்கிறது என்பது காலண்டரின் பொறுப்பும் இல்லை.

"என்னத்துக்கு இந்த வேல?" என்றாள் ஆவுடை.

"இப்பம் போயி இந்த விஷயம் வெளிய தெரிஞ்சா வெலிங்டன் போச்சு. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

13 ஜூலை, திங்கள்

பிரமநாயகம் போனில் குதித்தார். "அண்ணாச்சி, மகாராஜ நகர்ல சரின்னுட்டாவ! ஒரிஜினல் ஜாதகத்தக் கையில வாங்கணும்ங்காவ. வியாழக்கெழம ஆடி பொறக்கு. அதுக்குள்ள குடுத்திருங்க."

ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். ஒரு மாதம் தள்ளினால் அதற்குள் வேறு எவனாவது நியூசிலாந்தைக் கொத்திக்கொண்டு போய்விடுவான். வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஜாதகத்தப் போய் போன்லயா? நாலு மூலையிலயும் மஞ்சத் தடவி, தட்டுல வச்சுக் குடுக்கதுதான் மொற. நானே வாரேன்."

எங்கள் குச்சிக்கு இன்னும் முடிவு வரவில்லை. கொரியாவில் ஆறு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறார்களாம். இங்கே நெல் அறுவடை முடிந்து விளைச்சல் கணக்குக் கேட்டால்கூட இதைவிடச் சீக்கிரம் சொல்லியிருக்கிறோம், வயலுக்கே போகாமல்.

14 ஜூலை, செவ்வாய்

ஆவுடை காப்பித்தூள் கடையை மாற்றியிருக்கிறாள் போலிருக்கிறது. மணமே இல்லை. கேட்டால் அதே தூள்தான் என்று சாதிக்கிறாள். என் மேல் உள்ள கோபத்தைக் காப்பியில் காட்டுகிறாள். ரசமும் அப்படியே.

தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. கபசுரக் குடிநீர் இப்போது கசக்கவில்லை. பழகிவிட்டது.

15 ஜூலை, புதன்

பிரமநாயகம் பத்தரைக்கு வந்தார். வாசலில் நின்று காலண்டரைப் பார்த்து, "புதுசா இருக்கே, வெளிய மாட்டியிருக்கீங்க" என்றார். "தெருவுல போறவங்களுக்கும் நாள் கெழம தெரியட்டும்னுதான்" என்றேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். சிவகாமி எங்கே என்றார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஆவுடை சமையலறையைவிட்டு வரவில்லை. காப்பியை நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜாதகத்துக்கு மஞ்சள் தடவித் தட்டில் வைத்துக் கொடுத்தேன். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருவரும் நாற்பது நிமிடம் பேசினோம். எத்தனை பவுன், எந்த மண்டபம், ஐம்பது பேர் மட்டும்தான் என்றால் யாரை விடுவது. "வெமான சர்வீஸ் தொறந்ததும் பையன் வந்து தாலியக் கட்டிட்டுப் போயிருவான். நான் நேரா அங்கதான் போறேன். மத்தியானச் சாப்பாடு அங்கதான். வெள்ளிக்கெழமயும் அங்க ஒரு எட்டு போயிட்டு வரணும்" என்றார். நல்ல மனிதர். சர்க்கரை இருக்கிறது, இருந்தாலும் காப்பிக்கு இரண்டு ஸ்பூன் கேட்டுப் போட்டுக்கொண்டார்.

பேச்சுக்கு நடுவே எனக்கு இரண்டு மூன்று தடவை இருமல் வந்தது. மஞ்சள் தூள் நெடி.

16 ஜூலை, வியாழன். ஆடி முதல் தேதி

எனக்குப் பாசிட்டிவ். ஆவுடைக்கு இல்லை.

ஜெபராஜ் வண்டியோடு வந்தார். முதலில் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதைக் கழற்றி உள்ளே வைத்தார். எழுதுவதற்கு அட்டையை எடுத்துக்கொண்டு, "சார், இந்த அஞ்சு நாள்ல யாராச்சும் வீட்டுக்கு வந்தாங்களா? உண்மையச் சொல்லுங்க. உங்கள ஒண்ணும் செய்ய மாட்டோம், அவங்களக் காப்பாத்தத்தான் கேக்கேன்" என்றார்.

கேட்ட விவரங்களைக் கொடுத்தேன். பெயர், வயது, வேலை. வந்தவர்கள்: யாருமில்லை.

ஆவுடை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

வண்டியில் வரும்போது போனில் செய்தி பார்த்தேன். ஒரு தேசத்தில் சாவு எண்ணிக்கையை மறைக்கிறார்களாம். கேடு கெட்டவர்கள். எண்ணிக்கையில் பொய் சொன்னால் நோய் எப்படி அடங்கும்?

19 ஜூலை, ஞாயிறு

முகாம். ஒரு வகுப்பறைக்கு ஆறு கட்டில். காலையில் இஞ்சித் தண்ணீர், பதினொரு மணிக்குச் சுண்டல், ராத்திரி முட்டை. எனக்கு எதிலும் வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. காப்பித்தூள் விஷயத்தில் ஆவுடையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சிவகாமி மாடியில் பெண்கள் பக்கம் இருக்கிறாள். சாயந்தரம் வேப்பமரத்தடிக்கு இறங்கி வருகிறாள். நன்றாக இருக்கிறாள். இங்கே வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை, கிழவிகளுக்கு ஆக்சிஜன் அளவு பார்த்து நர்ஸிடம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்கிறாள், மூச்சுக்கு நல்லதாம்.

மகாராஜ நகர் பற்றி அவளிடம் ஒன்றும் பேசவில்லை. ஆடி மாதம் அல்லவா.

22 ஜூலை, புதன்

சிவகாமிக்கு இன்று விடுதலை. பையோடு மரத்தடியில் நின்று எனக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது போன் வந்தது. பிரமநாயகத்தின் எண். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். பேசியது அவர் மனைவி.

"அண்ணாச்சி, அவியள ஆஸ்பத்திரில சேத்திருக்கு. நாலு நாளாக் காய்ச்சல், இப்பம் மூச்சு எரைக்கு. நீங்க பயப்படாதீங்க. எங்கெல்லாம் போனீங்கன்னு டாக்டர் கேட்டாரு. எங்கயும் போவல, வீட்டுலதான் இருந்தேன்னு சொல்லிட்டாவ. ஒங்க வீட்டுக்கு வந்தத மூச்சு விடல. சம்பந்தம் கூடி வார நேரத்துல அந்தப் புள்ளைக்குக் கெட்ட பேரு வந்துரப்புடாதுன்னு, என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாவ."

நான் சொன்ன பொய்யை அந்த மனிதர் மூச்சு இரைக்க இரைக்கக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

சிவகாமி பையைக் கீழே வைத்தாள். "எப்பம் வந்தாரு?"

"போன புதன்கெழம."

"நோட்டீசு ஒட்டுன பெறவு. நம்ம வீட்டுலேருந்து எங்க போனாரு?"

சொன்னேன்.

"அந்த அம்மாக்கு நெஞ்சு ஆப்ரேஷன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னா எல்லாம் போயிரும்மா. நாலுல மூணு ஏற்கெனவே போச்சு. இதயும் விட்டா ஒனக்கு இனி யாரு வருவா? ஒன்ன இந்தக் குச்சிகிட்ட இருந்து, இந்த ஊர்ல இருந்து, எங்கயாவது பத்தரமா அனுப்பிரணும்னுதான் நான் இத்தனையும்..." என்று தொடங்கினேன். இருமல் வந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஏழு நாள் ஆச்சு யப்பா. அவிய ரெண்டு பேருக்கும் யாரும் டெஸ்ட் எடுத்திருக்க மாட்டாவ. நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள்.

ஜெபராஜுக்கு நானே போன் போட்டேன். பிரமநாயகம் வந்தார் என்றேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், முகக்கவசம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அங்கிருந்து எங்கே போனார் என்றார். மகாராஜ நகர், நான்காவது தெரு, மாணிக்கவாசகம் வீடு. எதற்காகப் போனார் என்றார்.

"என் மகள் ஜாதகத்தக் குடுக்கதுக்கு."

"எந்த மகள் சார்?"

"பாசிட்டிவ் வந்த மகள். ஒரே மகள்."

எழுதிக்கொண்டார். "இப்பமாவது சொன்னீங்களே" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்து மாணிக்கவாசகத்துக்கே போன் செய்து, ஆபரேஷன் ஆன அம்மாளைத் தனி அறையில் வைக்கச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். "சம்பந்தி, சம்பந்தி" என்று தொடங்கியவர் பாதியில் அந்த வார்த்தையை நிறுத்திக்கொண்டார்.

24 ஜூலை, வெள்ளி

மாணிக்கவாசகத்துக்குப் பாசிட்டிவ். இதே முகாம். ஊரில் உள்ள கட்டில்களில் என் கட்டிலுக்கு அடுத்ததுதான் காலியாக இருந்திருக்கிறது. வந்தார், என்னைப் பார்த்தார், மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பிரமநாயகத்துக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி போனில் அழுதாள். இன்று ஒரு தேசத்தின் எண்ணிக்கையும் நான் பார்க்கவில்லை.

26 ஜூலை, ஞாயிறு

இரண்டு நாளாக மாணிக்கவாசகத்திடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மத்தியானம் அவருக்கு வெலிங்டனில் இருந்து வீடியோ வந்தது. பையன் விளையாட்டு மைதானத்தில் இருந்தான். பின்னால் ஆயிரக்கணக்கில் ஜனம், கத்தல், கட்டிப்பிடித்தல், ஒருவர் முகத்திலும் துணி இல்லை. நான் எட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"இங்க எல்லாம் நார்மல்ப்பா! அந்த ஆளு மேல கேஸ் போட்டாச்சா? அங்க ஒரு டிசிப்ளினே கிடையாது" என்று கத்தினான்.

"நீ எப்பம்ல வருவ?" என்றார் இவர்.

"வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்கப்பா. இப்ப முடியாது."

"சரி, வெளையாட்டப் பாரு" என்று அணைத்துவிட்டார். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வந்தது ஒம்மால வே."

"ஆமா."

"வீட்டுல அவளுக்கு வரல. நேத்தும் டெஸ்ட் எடுத்திருக்காவ, இல்ல. நீரு போன் போட்ட அன்னிக்கே வீட்டு மாடிக்கு அனுப்பிட்டேன், மறுநாள்தான் எனக்குக் காய்ச்சலே வந்துது. ஒரு நாள் பிந்தியிருந்தா அந்த நெஞ்சு தாங்கியிருக்காது. அதுவும் ஒம்மாலதான்."

நான் கும்பிட்டேன்.

"கும்பிடாதீரும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சாலும் சம்பந்தம் வராது. ஒம்ம மகளுக்கு வேற எடம் பாரும்."

"சரி" என்றேன். மாப்பிள்ளை போனது வருத்தம்தான். இருந்தாலும் அந்த அம்மாள் மாடியில் நன்றாக இருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், ஆறு கட்டில் போட்ட அறையில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அழுதால் இருமல் வந்தது, இருமினால் மூச்சு வாங்கியது.

மாணிக்கவாசகம் எழுந்து உட்கார்ந்தார்.

"அழுகதுன்னா குப்புறப் படுத்து அழும் வே," என்றார். "மூச்சுக்கு நல்லது."